தங்குமிட நிர்ணய சபையின் முன்னிலையில்

சித்தூரில் ஒரு சர்க்கார் கச்சேரியில் நகல் குமாஸ்தாவாக இருந்த தியோடர், வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் கழித்து முதல் தடவையாக இரண்டு நாள் லீவு கேட்டு மனு எழுதினார். ‘காரணம்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. உண்மையான காரணம் அவருடைய மனைவி லோயிஸ். டிசம்பர் மாதம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பத்தொன்பது நாளில் இறந்துபோயிற்று. அதற்குப் பிறகும் லோயிஸ் சமைத்தாள், துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து உட்கார்ந்தாள், கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். அழுகை மட்டும் வரவில்லை. தூங்குகிறாளா என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அவர் கண் விழித்த நேரமெல்லாம் அவளும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஏப்ரலில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா மருந்து எதுவும் எழுதவில்லை. இரண்டு நாளாவது வேறு ஊருக்குப் போய் இருந்துவிட்டு வாருங்கள், அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதையெல்லாம் எழுத மனுவில் இடம் போதாது. தியோடர் ‘சொந்தக் காரியம்’ என்று எழுதினார். லீவு கிடைத்தது.

எந்த ஊர் என்பது அடுத்த கேள்வி. வேலூரில் லோயிஸின் அக்கா இருந்தாள். போனால் முதல் வேலையாகக் கட்டிக்கொண்டு அழுவாள். குடிபாலாவில் தியோடருடைய அண்ணன் வீடு. அங்கே போனால் துக்கம் கேட்க ஊரே வரும். துக்கம் கேட்க ஒருவரும் இல்லாத ஊராக வேண்டும் என்று யோசித்ததில் திருப்பதி அகப்பட்டது. கிறிஸ்தவர்களான அவர்களுக்கு அங்கே ஒரு வேண்டுதலும் கிடையாது, ஒரு உறவும் கிடையாது. மலையைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருக்கலாம்.

எங்கே தங்குவது என்பதைத் தியோடர் தம்முடைய வழக்கப்படி தீர்மானித்தார். ஒரு முழுத்தாளில் கோடு போட்டு, சத்திரம், பங்களா, மிஷன் விடுதி, தனி வீடு என்று நான்கு கட்டமாகப் பிரித்து, கச்சேரியில் ஒவ்வொருவரையும் விசாரித்து அனுகூலங்களையும் பிரதிகூலங்களையும் எழுதினார். தாள் நிறைந்த சமயத்தில்தான் ஒருவர், திருப்பதியில் மூன்று வருஷமாக ‘பிரயாணிகள் தங்குமிட நிர்ணய சபை’ என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். காலராவைத் தடுக்கவும், ரயிலடித் தரகர்களிடமிருந்து வெளியூர்க்காரர்களைக் காப்பாற்றவும் ஊர்ப் பெரியவர்கள் ஏற்படுத்தியது. ஊரில் ராத்தங்குகிற யாரும் சபையிடம் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் தங்கினவர் சர்க்கார் உத்தியோகஸ்தராக இருந்தால் அவருடைய மேலதிகாரிக்குக் கடிதம் போகும்.

தியோடருக்குப் பெரிய நிம்மதி. முழுத்தாளை மடித்து வைத்துவிட்டு, “நாம தேட வேண்டியதே இல்ல லோயிஸ். அவங்களே இடம் பாத்துக் குடுத்துடறாங்களாம்” என்றார். லோயிஸ் சரி என்றாள்.

காலை ரயிலில் கிளம்பிப் பாகாலா வழியாகத் திருப்பதி வந்து இறங்கியபோது மணி பத்து. வெயில் ஏற்கெனவே தரையில் நிற்க விடவில்லை. அப்பாவு என்ற ஜட்கா வண்டிக்காரர் அவர்களுடைய தகரப் பெட்டியைத் தாமே தூக்கி வண்டியில் வைத்துவிட்டு எங்கே போக வேண்டும் என்று கேட்டார். தியோடர் சபையின் பெயரைச் சொன்னதும் குதிரையைத் தட்டாமல் திரும்பிப் பார்த்தார்.

“அங்க வாணாம் சாமி. அங்க போனவங்கள நான்தான் சாயங்கால ரயிலுக்குத் திருப்பிக்கினு வரேன். கோனேரு கொளத்துப் பக்கத்துல ரத்னம்மா வூடு கீது. ஒரு ரூம்பு, சுத்தமா மெழுகி வெச்சிருக்காங்க. இன்னா ஜாதி, இன்னா மதம்னு ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அந்த வீட்டுக்குச் சபையின் சீட்டு உண்டா என்று தியோடர் கேட்டார்.

“வூட்டுக்கு எதுக்கு சாமி சீட்டு? கதவு கீது” என்றார் அப்பாவு.

தியோடர் சட்டத்தை மீறி எதுவும் செய்தறியாதவர். சபைக்கே ஓட்டச் சொன்னார். லோயிஸ் வண்டிக்குள் பெட்டியின்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று பிற்பாடு பல நாள் அவர் நினைத்ததுண்டு.

சபையின் கட்டடம் ஊரிலேயே அழகான கட்டடங்களில் ஒன்று. வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள். உள்ளே நீண்ட கூடத்தில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் சிவசங்கரன் என்ற குமாஸ்தா. பிரயாணிகள் உட்காரப் பெஞ்சு எதுவும் இல்லை. பெஞ்சு போட்டால் பிரயாணிகள் அதிலேயே தங்கிவிடக்கூடும் என்று இரண்டாவது கூட்டத்தில் தீர்மானமாகியிருந்தது.

சிவசங்கரன் நல்ல மனிதர். அவர் அன்பாகப் பேசினார், நமூனாவைத் தம் கையாலேயே நிரப்பினார். பெயர், ஊர், தொழில், மதம் எல்லாம் வேகமாக நடந்தன. ‘வந்த நோக்கம்’ என்ற இடத்தில் தியோடர், ஓய்வு என்று சொன்னார். சிவசங்கரன் பேனாவைத் தூக்கிக்கொண்டார். நமூனாவில் நான்கே நோக்கங்கள் அச்சாகியிருந்தன: யாத்திரை, உத்தியோகம், வியாபாரம், மரணம். யாத்திரைக்காரருக்குச் சத்திரம், உத்தியோக வேலையாக வந்தவருக்குப் பங்களா, வியாபாரிக்கு மண்டித் தெரு, துக்கத்துக்கு வந்தவருக்குச் சபையின் நேரடிப் பொறுப்பில் உள்ள மூன்று அறைகள். ஓய்வு என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

“சும்மா இருக்கறதுக்கு யாராவது இவ்வளவு தூரம் வருவாங்களாங்க?” என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். மரணம் என்று எழுதினால் இந்த நிமிஷமே அறை கொடுத்துவிடலாம். மூன்றும் காலியாகத்தான் இருக்கின்றன. “உங்க பக்கம் யாராவது தவறியிருக்காங்களா? பாத்து சொல்லுங்க.”

தியோடர் அவசரமாக, இல்லை என்றார்.

“ஆமாம்” என்றாள் லோயிஸ்.

ரயில் ஏறியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. சிவசங்கரன் முகம் மலர்ந்து பேனாவை மையில் தோய்த்தார்.

“யாரும்மா?”

“பொண்ணு.”

“வயசு?”

“பத்தொம்பது நாள்.”

“பேரு?”

லோயிஸ் மேஜையைப் பார்த்தாள். “வைக்கல.”

சிவசங்கரன் பேனாவைக் கீழே வைத்தார். பெயர் இல்லாதவருடைய மரணத்தைப் பதிவு செய்ய விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் வருந்தியது நிஜம். நமூனாவை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது வழி இருக்குமோ என்று. பிறகு அவருக்கே ஒரு யோசனை தோன்றியது.

“இப்ப ஒரு பேர் சொன்னாகூட போதும்மா. நான் எழுதிக்கறேன். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

லோயிஸ் அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. பிறகு கூடத்துத் தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். தியோடர் அந்த நமூனாவைத் தாமே எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனாலும் ஒன்பது வருஷப் பழக்கம் போகுமா? வேறு என்ன மார்க்கம் இருக்கிறது என்று கேட்டார்.

மார்க்கம் இருந்தது. நான்கு நோக்கத்திலும் சேராதவர்களைச் ‘சேஷப் பிரயாணி’ என்று எடுத்துக்கொண்டு சபை நேரில் விசாரிக்கும். அன்றைக்கு நான்கு மணிக்கே கூட்டம் இருந்தது. அதற்கு முன்னால், தங்களுக்கு உரிமையில்லாத ஒவ்வொரு இடத்திலும் போய்க் கேட்டு, இல்லையென்று எழுத்தில் வாங்கி வர வேண்டும். சத்திரத்தில் ஒன்று, பங்களாவில் ஒன்று, சொந்த மதத்தார் விடுதியில் ஒன்று.

வாசலில் அப்பாவு வண்டியை அவிழ்க்காமலே காத்திருந்தார். அவருக்கு இந்த மூன்று இடங்களும் பழக்கமான சுற்று.

சத்திரத்து மணியக்காரர் சாப்பாடு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இவர்களுக்கு அங்கே இடமில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எழுதிக் கொடுப்பதில்தான் சிக்கல். இடம் கேட்க உரிமை உள்ளவனுக்குத்தான் இல்லை என்று சொல்ல முடியும். உரிமையே இல்லாதவனுக்கு இல்லை என்று எழுதினால், அவன் கேட்டது நியாயம் என்று சத்திரம் ஒப்புக்கொண்டதாகும். தவிரவும், எழுதுவதற்கு முன்னால் புத்தகத்தில் பதிய வேண்டும். பதிவதற்குக் கோத்திரமும் நட்சத்திரமும் வேண்டும். தியோடரிடம் இரண்டும் இல்லை. வெகுநேரம் வாதித்த பிறகு மணியக்காரர் இறங்கிவந்து, ‘தியோடர் என்று ஒருவர் இந்தச் சத்திரத்துக்கு வரவேயில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்து, தியோடர் கையிலேயே கொடுத்தார்.

பங்களாவில் ஆறு அறைகளும் காலி. ஐந்து வாரமாக அங்கே ஒருவரும் தங்கவில்லை. இருந்தாலும் தினமும் காலையில் ஆறு படுக்கைகளுக்கும் துப்பட்டி மாற்றப்பட்டது, ஆறு கூஜாக்களில் தண்ணீர் மாற்றப்பட்டது. துரை வருவார் என்று பட்லர் சொன்னார். எந்த துரை என்று தியோடர் கேட்டதற்கு, அது வந்தால்தான் தெரியும் என்றார். லோயிஸ் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கூஜாத் தண்ணீர் துரைக்கு என்பதால், பட்லர் தம்முடைய வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். மறுப்புச் சீட்டை உடனே எழுதிக் கொடுத்தார். அவரிடம் அது கட்டாகத் தயாராக இருந்தது.

மிஷன் விடுதியில் துரைமார் கோடைக்குக் குளிர்ந்த மலை ஊருக்குப் போயிருந்தார்கள். பொறுப்பில் இருந்த உபதேசியார் தேவானந்தம் இவர்களைக் கண்டதும் மிகவும் சந்தோஷப்பட்டு, எந்தத் திருச்சபை, எந்தப் பாதிரி ஐயர், ஞானஸ்நானம் எப்போது என்றெல்லாம் விசாரித்தார். அறை இருக்கிறது என்றார். தியோடர் பெட்டியை இறக்கச் சொல்ல வாய் திறந்தார். ஆனால் அது ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கான அறை. இரண்டு நாளும் மலையடிவாரத்து அலிபிரியில் நின்று மலையேறுகிறவர்களுக்குத் துண்டுப்பிரதி கொடுப்பதாக இருந்தால் தாராளமாகத் தங்கலாம்.

“மலையைப் பாத்துக்கினு சும்மா உக்கார்றதுக்கு மிஷன் எப்படிங்க எடம் குடுக்கும்? நாளைக்கு என்னைக் கேப்பாங்க இல்ல?”

தியோடர் ஒரு கணம் சம்மதிக்கலாமா என்று நினைத்தார். லோயிஸின் உதடு வெடித்திருந்தது. இந்த வெயிலில் இவளை நிறுத்தித் துண்டுப்பிரதி கொடுக்கச் சொல்வதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உபதேசியாருக்கு மனம் கேட்கவில்லை. அவர்களை முழங்கால்படியிடச் சொல்லி இருபது நிமிஷம் ஜெபம் செய்தார். தங்க இடமில்லாமல் அலைகிற இந்த இருவருக்கும் தேவரீரே அடைக்கலமாயிரும் என்று உருக்கமாக வேண்டி, ஆமென் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுப்புச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியில் லோயிஸ் வண்டிச் சட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண் மூடவில்லை. குதிரையை மெதுவாகவே ஓட்டும்படி தியோடர் அப்பாவுவிடம் சொன்னார். பெட்டியைச் சபைக் கூடத்தில் இறக்கிவிட்டு அப்பாவு ரயிலடிக்குப் போனார்.

நான்கு மணிக்குச் சபை கூடிற்று. தலைவர் நாகபூஷணம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜரிகைத் தலைப்பாகை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்கு வலப்பக்கம் ஒரு வக்கீல், இடப்பக்கம் ஒரு டாக்டர், ஓரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர். தியோடர் கொடுத்த மூன்று சீட்டுகளையும் படித்தார்கள். சத்திரத்துச் சீட்டு எல்லாவற்றிலும் சிறந்தது என்று வக்கீல் பாராட்டினார். வராதவரைப் பற்றி எந்தத் தகராறும் எழ முடியாது அல்லவா?

பிறகு தலைவர் எழுந்து நின்று பேசினார். இரண்டு பேருக்காகப் பேசினாலும் இருநூறு பேருக்குக் கேட்கும் குரல்.

“இந்த சபைக்கு முன்னாடி இந்த ஊர் எப்படி இருந்தது தெரியுமா உங்களுக்கு? வந்தவன் இஷ்டப்பட்ட இடத்துல தங்குவான். பிடிச்சா இருப்பான், பிடிக்கலேன்னா பக்கத்து வீட்டுக்குப் போவான். ஒரு முறை கிடையாது, ஒரு பதிவு கிடையாது. இப்ப பாருங்க. போன வருஷம் நானூத்திப் பன்னெண்டு சேஷப் பிரயாணிங்க மனு போட்டாங்க. நானூத்தி ஒன்பது மனு அன்னன்னிக்கே தீர்ந்துபோச்சு.”

அதில் எத்தனை பேருக்கு அறை கிடைத்தது என்று தியோடர் பணிவாகக் கேட்டார். தலைவருக்குக் கேள்வியே புரியவில்லை.

“மனு தீர்ந்துபோச்சுன்னு சொல்றேனே. சாயங்கால ரயிலுக்கு அவங்களே போயிட்டாங்க. பாக்கி மூணு பேரு பிடிவாதக்காரங்க, அது நிலுவையில இருக்குது. இன்னொண்ணும் சொல்றேன். நம்ம சீட்டுல தங்கின சேஷப் பிரயாணி ஒருத்தருக்குக்கூட இன்னைய வரைக்கும் காலரா வந்ததில்லை. மெட்ராஸ்ல இருந்தே பாராட்டி எழுதியிருக்காங்க.”

டாக்டர் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

மனுவை எடுத்துக்கொள்ளுமுன், ஒரு தங்குமிடம் எப்படி இருக்க வேண்டும் என்று சபை கருதுகிறதோ அதைப் பிரயாணிகள் பார்க்க வேண்டும் என்றார் தலைவர். கூடத்தின் கோடியில் இருந்த பச்சைக் கதவைச் சிவசங்கரன் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே ஓர் அறை. இரும்புக் கட்டில், மெத்தை, பால் போன்ற விரிப்பு, இரண்டு தலையணை, கொசுவலை. மூடி போட்ட மண் கூஜா. சுவரில் இருபத்திரண்டு விதிகள் எழுதின பலகை. ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக நன்கொடை வாங்கிச் சபை கட்டிய மாதிரி அறை அது. பார்வையிட வந்த அதிகாரிகள் எல்லாருமே புகழ்ந்திருக்கிறார்கள்.

“இதுல தங்கறவங்க யாருங்க?” என்று தியோடர் கேட்டார்.

தலைவர் சிரித்தார். “தங்கறதா? தங்கினா கசங்கிப் போயிடாதா? கசங்கினா அப்புறம் அதை மாதிரின்னு எப்படி சொல்றது?”

விரிப்பின் நெசவுத் தரத்தைப் பற்றித் தலைவர் விளக்க ஆரம்பித்தார். எந்த ஊர் நூல், எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள், யார் மேற்பார்வை. அவர் பேசிக்கொண்டே இருந்தபோது லோயிஸ் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். அவரைத் தாண்டி உள்ளே போனாள். கொசுவலையை விலக்கிக் கட்டிலில் ஏறி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதலில் அவளுடைய தோள் குலுங்கிற்று. பிறகு சத்தம் வந்தது. சிவசங்கரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. தலையணையில் புதைந்த அழுகைதான். ஆனால் நான்கு மாதமாகத் தியோடர் அதற்காகக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. உள்ளே போவதா, நிற்பதா என்று தெரியாமல் நிலைப்படியில் நின்றார். வெகுநேரம் அழுகை கேட்டது. பிறகு அது விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு மூச்சு மட்டும், நீளமாக, ஒரே சீராக.

சபை கூடத்துக்குத் திரும்பி நிலைமையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஓர் அறையிலிருந்து ஒருவரை அப்புறப்படுத்துவதற்குப் பதினேழாம் விதி இருந்தது. ஆனால் அது சீட்டோடு தங்கியவர்களுக்கு. இந்த அம்மாளுக்குச் சீட்டு இல்லாததால் அவள் தங்கியவள் ஆக மாட்டாள், ஆகவே அப்புறப்படுத்த முடியாது என்று வக்கீல் கருதினார். பெட்டி வெளியே இருக்கும்வரை படுத்திருப்பது தங்கியிருப்பதாகாது என்றும் சேர்த்துக்கொண்டார். அவளுக்கு ஏதும் தொற்றுநோய் உண்டா என்று பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். பரிசோதிக்கவும் சீட்டு வேண்டும். தூங்குகிறவளை எழுப்பினால் போதாதா என்று அரிசி மண்டிக்காரர் கேட்டார். மற்ற மூன்று பேரும், இப்படியா பேசுவது என்பதுபோல் அவரைப் பார்த்தார்கள்.

கடைசியில் தலைவர் தியோடர் பக்கம் திரும்பினார்.

“நீங்க சர்க்கார் உத்தியோகஸ்தர். ஒழுங்கு தெரிஞ்சவர். நீங்களே உங்க சம்சாரத்தை எழுப்பி வெளிய கூட்டிக்கிட்டு வந்துடுங்க. இல்லேன்னா உங்க கச்சேரிக்கு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை.”

தியோடர் தம்முடைய கச்சேரியை நினைத்தார். அந்தக் கடிதம் எந்த மேஜைக்கு வரும், யார் பிரிப்பார்கள், எந்தக் காகிதக் கட்டில் சேரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட கடிதங்களை அவரே நகல் எடுத்திருக்கிறார். மேஜைக்குப் பின்னால் காலியாக இருந்த சிவசங்கரனின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மாதிரி அறையின் வாசலில் குறுக்காகப் போட்டார். அதில் உட்கார்ந்தார்.

“தூங்கறா” என்றார். “கொஞ்சம் மெல்ல பேசுங்க.”

சபை மெல்லப் பேசிற்று. அதற்கும் எதிராக ஒரு விதி அகப்படவில்லை. விளக்கேற்றும் நேரம்வரை நான்கு பேரும் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுப்பாக வாதித்துவிட்டு, விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். கடைசியாகக் கிளம்பிய சிவசங்கரன் சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பதிவுப் புத்தகத்தில் எந்த நோக்கத்தின் கீழ் எழுதுவது என்று கேட்க வந்தவர், கேட்கவில்லை. பூட்டாமலே போய்விட்டார்.

லோயிஸ் மறுநாள் காலை வெயில் முகத்தில் விழுகிறவரை தூங்கினாள். எழுந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழுத்து மடிந்து தூங்கிக்கொண்டிருந்த கணவனைத் தொட்டு எழுப்பினாள்.

“பசிக்குதுங்க” என்றாள்.

வாசலில் அப்பாவு இருந்தார். முந்தின நாள் சாயங்கால ரயிலுக்கு இவர்கள் வராததைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டு வந்திருந்தார். தியோடர் ஒன்றும் கேட்காமல் பெட்டியை வண்டியில் வைத்து, ரத்னம்மா வீட்டுக்கு ஓட்டச் சொன்னார். அந்த அம்மாள் அவர்களை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: குளிக்க வெந்நீர் வேண்டுமா, பச்சைத் தண்ணீரே போதுமா?

அன்று முழுவதும் அவர்கள் சீட்டில்லாமல் தங்கினார்கள். வெயில் தாழ்ந்ததும் அலிபிரிவரை நடந்துபோய், படிகள் ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். மொட்டை போடப் போகிறவர்களும் போட்டுக்கொண்டு வந்தவர்களும் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு படியேறினாள். தியோடர் பயந்து லோயிஸைப் பார்த்தார். அவள் அந்தக் குழந்தையைத் தலை மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம கொழந்தைக்கு உங்க காது” என்றாள். “பாத்தீங்களா?”

தியோடர் பார்க்கவில்லை. அந்தப் பத்தொன்பது நாளில் அவர் டாக்டரைத் தேடி ஓடினார், பாலுக்கு ஓடினார், லீவு கேட்கத் தைரியமில்லாமல் கச்சேரிக்கும் போனார். காதைப் பார்க்கவில்லை. அதை அவளிடம் சொன்னார். அவள் தன் காதைத் தொட்டு, மேல் விளிம்பு எப்படி வளைந்திருந்தது, எந்த இடத்தில் மடிந்திருந்தது என்று சொன்னாள். இருட்டுகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்துச் சபையின் கடிதம் சித்தூர் கச்சேரிக்கு வந்தது. சபை இதற்குள் மாதிரி அறைக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டுவிட்டதாகவும், அதற்குக் காரணமான தங்கள் ஊழியரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. ஏழு கேள்விகளும் இணைக்கப்பட்டிருந்தன. தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் நல்லவர், தியோடரைத் தனியாகக் கூப்பிட்டு, பணிவாக எழுதிக் கொடுத்தால் கடிதத்தைக் கட்டோடு கட்டாகப் போட்டுவிடலாம் என்றார்.

தியோடர் ஆறு கேள்விகளுக்குக் கச்சேரி பாஷையில் ஒழுங்காகப் பதில் எழுதினார். ஏழாவது கேள்வி: ‘சபைத் தலைவர் நேரில் கேட்டுக்கொண்ட பிறகும் தாங்கள் தங்கள் மனைவியை எழுப்பாததற்குக் காரணம் என்ன?’ அதற்கு மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தார். நான்காவது தடவை எழுதியதைச் சிரஸ்தாரிடம் கொண்டுபோனார். அவர் படித்துவிட்டு, கடைசியில் ‘மன்னிக்கக் கோருகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வரப்போகிற பிரமோஷனுக்குப் பங்கம் வராது என்றார். தியோடர் வணக்கத்தோடு மறுத்துவிட்டார். அந்தப் பிரமோஷன் அவருக்கு அடுத்த வருஷமும் வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை.

ஏழாவது கேள்விக்கு எதிரே அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது இவ்வளவுதான்:

‘எழுப்ப மனம் வரவில்லை.’